வேகவைத்த வரிசை

என்சைம் ஊற்றியாகிவிட்டது. இனி அரை மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது சங்கரகோமதிக்கு வராது. பிளேட்டை அலுமினியத் தாளால் மூடி மேஜையில் வைத்தாள், தள்ளி வைத்தாள், மறுபடி கிட்டே இழுத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு, மாத்திரை அட்டை மாதிரி வரிசை வரிசையாகக் குழிகள், ஒவ்வொரு குழியிலும் ஒரு சொட்டு. இதை நம்பி ஒருத்தி முப்பத்து மூன்று வயது வரை வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சென்னைக்கு வெளியே, வேலிக்காத்தான் காட்டை வெட்டிக் கட்டிய ஆராய்ச்சி நிலையம், மூன்றாவது மாடி, அவளைத் தவிர ஈ காக்கை இல்லை. ஃப்ரீசர்கள் மட்டும் தங்களுக்குள் முனகின. ஒன்று நிறுத்தினால் இன்னொன்று தொடங்கியது. முதல் வரிசை உடம்பின் காவல் செல் மட்டும், எதுவும் போடாதது. இரண்டாவது வரிசை அவளுடைய புரோட்டீன். மூன்றாவது அதே புரோட்டீன், கொதிக்கிற தண்ணீரில் போட்டு வேகவைத்தது. நான்காவது புதிதாக வேறு வழியில் எடுத்த புரோட்டீன். செல் விழித்துக்கொண்ட குழி நீலமாகும். மூன்றாவது வரிசை தண்ணீராகவே நிற்க வேண்டும். நின்றால் பிழைத்தாள். நீலமானால், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் என்ன அப்புறம், அரை மணிதானே. முட்டையை அவித்த பிறகு குஞ்சு பொரிக்குமா. பொரிக்காது. புரோட்டீனும் அப்படித்தான், வெந்தால் செத்தது. செத்தது போய்ச் செல்லைத் தட்டி எழுப்பாது. அப்படியும் செல் எழுந்து கத்தினால், எழுப்பியது அவளுடைய புரோட்டீன் இல்லை, கூட ஒட்டிக்கொண்டு வந்த வேறு ஏதோ. ஏதோ என்ன ஏதோ. பெயர் தெரியும். பாக்டீரியாவின் தோல். அந்தப் புரோட்டீன் யானைக்கால் புழுவினுடையது, ஆனால் புழுவிலிருந்து எடுக்க முடியாது என்று பாக்டீரியாவுக்குள் வளர்த்து எடுத்தாள், எல்லாரும் செய்வதுதான், வளர்த்து, உடைத்து, வடிகட்டி. தோல் துணுக்கு ஒட்டியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. கொதிக்க வைத்தாலும் சாகாது. செல்லுக்கு மட்டும் தெரியும், ஒரு பொட்டு பட்டால் போதும், திருடனைக் கண்ட தெரு மாதிரி கூச்சல் போடும்.

கூச்சல் போட்டது. அதுதான் அவளுடைய பிஎச்டி. யானைக்கால் புழுவின் புரோட்டீன் ஒன்று உடம்பின் காவல் செல்களைத் தட்டி எழுப்புகிறது, இதை வைத்து நாளைக்குத் தடுப்பூசி கூடச் செய்யலாம் என்று நல்ல ஆராய்ச்சிப் பத்திரிகையில் வந்தது. அந்தக் கட்டுரையை வைத்துப் பட்டம், பட்டத்தை வைத்து ஒரு வெளிநாடு, வெளிநாட்டை வைத்து இந்த ஐந்து வருட ஒப்பந்த வேலை, சொந்தமாக ஒரு மேஜை, கதவில் பெயர். ஒப்பந்தம் பங்குனியோடு முடிகிறது. செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ, பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர், நிரந்தரம். பேச்சு தயார். முதல் படம் அந்தக் கட்டுரையின் படம்தான், நீலக் குழிகள், பார்த்ததும் எல்லாருக்கும் பிடிக்கும். பேசாமல் அதோடு போயிருக்கலாம். கை சும்மா இருந்ததா. தடுப்பூசி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டோமே, மனிதச் செல்லில் வளர்த்தால் இன்னும் சுத்தமாக இருக்குமே என்று அதையும் வளர்த்து எடுத்தாள். அந்தப் புதுப் புரோட்டீன் செல்லை எழுப்பவே இல்லை. புரோட்டீன் சுருண்டு மடிகிற மடிப்பு சரியில்லையோ என்று பார்த்தாள், மடிப்பு ஒழுங்காக இருந்தது. அளவு போதவில்லையோ என்று கூட்டிப் போட்டாள். செல் தூங்கிக்கொண்டே இருந்தது. சுத்தமாக எடுத்தால் வேலை செய்யவில்லை. அப்போது வேலை செய்தது எது. இந்தக் கேள்வி வந்து ஒரு மாதமாகிறது. குளிக்கும்போது வரும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும்போது வரும். வந்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள், தெருவில் கடன்காரனைக் கண்டவள் மாதிரி. நேற்று சாயங்காலம் பழைய டியூபை எடுத்து வேகவைத்தாள். செய்து முடித்த பிறகுதான் செய்துவிட்டோம் என்று தெரிந்தது.

போன் மேஜையில் நடுங்கியது. அம்மா. எடுக்காவிட்டால் எடுக்கும்வரை அடிப்பாள்.

"என்னட்டி, சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா."

"என்ன சாப்ட்ட?"

"தயிர்சாதம்." காலையிலிருந்து ஒரு டீ. அவ்வளவுதான்.

"செவ்வாக்கெழம எந்தச் சேல கட்டுத?"

"சுடிதார்தாம்மா."

"ஏளா, பெரிய பெரிய ஆளுவ உக்காந்து பாப்பாவ, சுடிதார்ல போயி நிக்கப் போறியா. அந்த அரக்குச் சேலயக் கட்டு. எது கேட்டாலும் தெரியும்னு சொல்லு. ஒங்கப்பா மாதிரி, அது வந்து, அது வந்துன்னு இழுத்துக்கிட்டு நிக்காத."

"தெரியலன்னா தெரியலன்னுதாம்மா சொல்லணும்."

"அதுக்கா இம்புட்டு வருசம் படிச்ச?"

பின்னால் அப்பா குரல், நிரந்தரம்தானான்னு இன்னொரு தடவை கேளு. அம்மா கேட்கவில்லை, அவரை அதட்டினாள், நிரந்தரம் நிரந்தரம்னு ஒரே பாட்டா, புள்ளய நிம்மதியாப் படிக்க விடும். போன் நின்றது. இன்னும் படிக்கிறாள் என்றுதான் சங்கரன்கோவிலில் நினைப்பு. அதுவும் ஒரு வகையில் சரி. படித்து முடித்தவர்கள் வீட்டில் இருக்கிறார்கள், மதியச் சாப்பாடு முடிந்து ஃபேனுக்குக் கீழே படுத்திருக்கிறார்கள், பக்கத்தில் யாராவது குறட்டை விடுவார்கள். இவள் பக்கத்தில் ஃப்ரீசர். இப்போது கீழே போய் வாட்ச்மேனிடம் பேசலாம். என்ன பேசுவது. அண்ணா, வேகவைத்த வரிசை நீலமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சரிம்மா, கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க என்பார். ஊரில் சொல்ல முடியாது, இங்கே இருப்பவர்களிடம் சொல்லவே முடியாது. பக்கத்து அறைக்காரருக்குச் சொன்னால் பாவம் என்பார், சொல்லி முடிப்பதற்குள் பல்கலைக்கழகத்துக்கே போய்விடும், அவருக்கும் அதே செவ்வாய்க்கிழமை அதே இன்டர்வியூ. இந்தப் பயத்தைப் புரிந்துகொள்கிற தமிழ்நாட்டு ஆட்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம். அந்த வேனில் இருக்கும் ஒருவரிடமும் சொல்ல முடியாது.

ஒரே கோடு. சுகுமாரன் சார் சொல்வது அதுதான். பிஎச்டிக்கு அவளுடைய கைடு. பயோகெமிஸ்ட்ரியில் பழுத்தவர், புரோட்டீனை வடிகட்டுவதில் அவருக்கு மிஞ்சி ஆள் கிடையாது, நல்ல மனுஷனும்கூட, மாணவர்களின் கல்யாணத்துக்கெல்லாம் சொந்தச் செலவில் வந்து நிற்பார். புரோட்டீனை ஜெல்லில், அந்தக் கூழ்த்தகட்டில், ஓட்டிப் பார்த்தால் ஒரே கோடு வர வேண்டும், வந்தால் சுத்தம், அதுக்கு மேல பேச்சே இல்ல என்பார். அவளுடையது ஒரே கோடாக வந்தது. ரூல் போட்டுக் கிழித்த மாதிரி. அதைப் பார்த்து அவரே கைகொடுத்தார். ஜெல்லில் போடும் சாயம் புரோட்டீனை மட்டும்தான் காட்டும் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், முதல் வருடப் பாடம். பாக்டீரியாவின் தோல் அதில் ஏறவே ஏறாது. புரோட்டீன்காரனின் சுத்தம் வேறு, செல்லின் சுத்தம் வேறு. தெரிந்ததை எப்படி இரண்டு பேரும் தெரியாமல் இருந்தார்கள். கோடு அவ்வளவு அழகாக இருந்தது. வேறொன்றும் இல்லை. அந்தத் தோலை மடக்குகிற மருந்து ஒன்று உண்டு, ஊரோடு ஒத்து அதையும் போட்டுப் பார்த்தார்கள், கூச்சல் கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தானே, தோல் காரணமில்லை என்று எழுதினார்கள். பத்திரிகைக்காரர்களும் கொஞ்சம்தானே என்று விட்டுவிட்டார்கள். அந்தக் கொஞ்சம். எந்தக் கொஞ்சம். ஒருவன் வேகவைக்கச் சொன்னான். ஹபீப். மேலப்பாளையத்துக்காரன், அவளுக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவன், பக்கத்து மேஜை. ஏ கோமு, இத ஒரு தடவ வேகவெச்சுப் பாரேன் என்றான், வாராந்திரக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும். வேகவெக்க இது என்ன கெழங்கா என்றார் சார். சிரித்தார்கள். ஒனக்கு எப்பவும் சாப்பாட்டு நெனப்புதான் என்றாள் இவள். இன்னும் சிரித்தார்கள். அதற்கப்புறம் அவன் கேன்டீனில் தட்டோடு வரும்போதெல்லாம், என்ன பாய், வெந்துட்டா என்று யாராவது கேட்பார்கள். அவனும் சிரிப்பான். முதலில் சிரிப்பான். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் மரத்தடியில் உட்கார ஆரம்பித்தான். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் அவன் மேஜை காலியாக இருந்தது. பிஎச்டி முடிக்கவில்லை. வீட்டில் பிரச்சனை என்றார்கள், அவளும் வீட்டில் பிரச்சனை என்று நம்பினாள். நம்புவதற்கு வசதியாக இருந்தது.

அரை மணி முடிந்தது. எழுந்தாள். தாளை உரித்து, பிளேட்டைச் சிங்கில் கவிழ்த்து உதறி, கழுவி, காகிதத்தின் மேல் தட்டினாள். தட்டுகிற சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. மறுபடி கழுவினாள். போதும் என்று தெரிந்தும் இன்னொரு தடவை கழுவினாள், கழுவினால் போய்விடும் என்பது போல. இனி கடைசி மருந்தை ஊற்ற வேண்டும். ஊற்றினால் நிறம் வரும். எங்கே செல் கூச்சல் போட்டதோ அங்கே நீலம். வேகவைத்தது ஒழுங்காக வெந்திருக்குமா. டியூபின் மூடி திறந்து தண்ணீர் உள்ளே போயிருந்தால். மூடி திறக்கவில்லை, மேலே கனமான மூடியை வைத்துத்தான் வேகவைத்தாள். இரண்டாவது வரிசைக்கும் மூன்றாவது வரிசைக்கும் கை மாறியிருந்தால். மாறவில்லை, ஒவ்வொன்றுக்கும் வேறு நிறத்தில் கோடு போட்டிருக்கிறாள். மாறியிருக்கலாமே என்று ஒரு ஆசை. தான் கவனமில்லாதவளாக இருந்திருக்கலாமே என்று ஒருத்தி ஆசைப்படுகிற நாள் இது. இப்படியே குப்பையில் போட்டுவிட்டுப் போனால் யார் கேட்கப் போகிறார்கள். செவ்வாய்க்கிழமை அரக்குச் சேலை, முதல் படம், நிரந்தரம், அப்பா தெருவில் இரண்டு பேரிடம் சொல்வார், இரண்டு பேர் இரண்டாயிரம் பேரிடம் சொல்வார்கள். இதற்குள் கை ஊற்றத் தொடங்கிவிட்டது. அந்தக் கைக்கு இந்த யோசனை எதுவும் எட்டவில்லை. பழகின கை, வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தது, முதல் வரிசை, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. பிளேட்டை வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துக் குனிந்தாள். ஒன்றும் இல்லை. எல்லாம் தண்ணீர். ஒரு கணம் உலகத்திலேயே மேலான நிறம் தண்ணீர்தான் என்று பட்டது. பிறகு இரண்டாவது வரிசையின் அடியில் புகை மாதிரி ஒன்று எழுந்தது. அது வர வேண்டியதுதான். மூன்றாவதைப் பார்க்காமல் இரண்டாவதையே பார்த்தாள். ஓரக்கண் இருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய்க் கட்டிப்போடுவது. மூன்றாவது வரிசையிலும் புகை. கண் கலங்கலோ என்று துடைத்தாள். புகை தடித்தது, பள்ளிக்கூட மை ஆனது, மயில் கழுத்து ஆனது. இரண்டு வரிசையும் அக்கா தங்கை மாதிரி கைகோத்து ஒன்றாக நீலமாயின. ஒன்றுக்கு முன்னால் ஒன்று போகவில்லை. முதல் வரிசை தண்ணீர். நான்காவது வரிசை, சுத்தமான புதுப் புரோட்டீன், அதுவும் தண்ணீர்.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இவ்வளவு அழகான பிளேட்டை அவள் போட்டதே இல்லை என்று தோன்றியது, குழிக்குக் குழி ஒரு மாற்றம் இல்லை, கை எப்போது இப்படித் தேர்ந்தது. பிறகு அப்படித் தோன்றியதற்காக வெட்கம் வந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டாள். அமிலம் ஊற்றினாள், நீலம் மஞ்சளாகி நின்றது, கருவியில் வைத்துப் படித்தாள். கண் சொன்னதையே கருவியும் சொன்னது. இந்த நிமிஷத்தில் இது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த எண்ணம் தனியாக வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டது. புதிதாக எதையாவது கண்டுபிடித்தால் இப்படித்தான் இருக்கும் என்று படித்திருக்கிறாள், ஒரு நொடி உலகத்தில் உனக்கு மட்டும் தெரியும், அதுதான் இந்தத் தொழிலின் சம்பளம் என்று. சம்பளம் வந்துவிட்டது. சுகுமாரன் சாரைக் கூப்பிட்டாள்.

"சொல்லும்மா கோமதி. பேச்சு தயாராயிடுச்சா?" பின்னால் டிவியில் கிரிக்கெட்.

"சார், பழைய புரோட்டீனை வேகவெச்சுப் போட்டேன்."

"ம்."

"வேகவெச்சதும் அதே அளவு வருது சார். புதுசுல ஒண்ணுமே வரல."

கதவு ஒன்று சாத்துகிற சத்தம். கிரிக்கெட் நின்றது. பால்கனிக்கு வந்திருப்பார்.

"ஒரு தடவைல என்ன தெரியும். டியூப் மாறியிருக்கும்."

"மாறல சார்."

குரலைத் தாழ்த்தி, "வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

"அப்ப ஒண்ணு பண்ணு. செவ்வாக்கிழமை போய்ட்டு வா. முதல்ல வேலைல உக்காரு. அப்புறம் நிதானமா நாமளே ஒரு திருத்தம் எழுதிடலாம். பொய் சொல்லச் சொல்லல, புரியுதா? கேட்டா சொல்லு. யாரும் கேக்க மாட்டாங்க."

"சரி சார்."

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன் சார்."

சரி சார் என்று எப்படி வந்தது. யோசிக்காமல் வந்தது, பல வருடமாக வருகிற சரி சார். மனசு லேசாகத்தான் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. பெரியவர் சொல்லிவிட்டார், பொறுப்பு இரண்டு பேருக்கும் ஆயிற்று, நியாயமாகத்தான் சொன்னார், கேட்டால் சொல்லலாம். கேட்க மாட்டார்கள். கேட்க மாட்டார்கள் என்று எப்படி அவ்வளவு நிச்சயமாகத் தெரியும் அவருக்கு. அவர் ஏன் அதிர்ச்சி அடையவில்லை. வயதானவர், நிதானம். எத்தனை குழி போட்டாய், எவ்வளவு நேரம் வேகவைத்தாய், எந்த வருடத்து டியூப், எப்போதும் இதைத்தான் முதலில் கேட்பார், அதில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. யாருக்குத் தெரியும் என்று கேட்டார். இந்த இடத்தில் யோசனை முள்ளில் சேலை மாட்டின மாதிரி நின்றுவிட்டது, இழுத்தால் கிழியும். ஹபீபின் நம்பர் இன்னும் போனில் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் சின்னப் படம், ஒரு குழந்தை. திருநெல்வேலியில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறான் என்று கேள்வி, சர்க்கரை, தைராய்டு. என்ன சொல்வது, மன்னிப்பா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருத்தனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டால் குடித்திருக்கிறாள் என்று நினைப்பான். அதற்குள் மணி அடித்துவிட்டது, எடுத்தும் விட்டான். பின்னால் தட்டுச் சத்தம், குழந்தைகள், மைக்கில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். கல்யாண வீடு.

"யாரு?"

"கோமதி."

"எந்தக் கோமதி?"

"சங்கரங்கோவில்."

"ஏ கோமு. நீயா. இரு இரு, வெளிய வாரேன்."

சத்தம் குறைந்தது. அவள் வேறு எதுவும் சொல்லத் தெரியாமல் சொன்னாள், "வேகவெச்சுப் பாத்தேன்."

எதை என்று அவன் கேட்கவில்லை.

"நீலமாயிட்டா?"

"ஆயிட்டு."

"ரெண்டும் ஒண்ணுபோலயா?"

"ஒண்ணுபோல."

"எனக்கும் அப்படித்தான் வந்துச்சு."

அவள் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தாள். "ஒனக்கா? எப்ப?"

"ஆயுத பூச லீவுல. எல்லாரும் ஊருக்குப் போயிட்டீங்க. எனக்கென்ன பூச. ஒன் பெட்டில இருந்து ஒரு டியூப எடுத்து வேகவெச்சேன். களவுதான், இப்ப சொல்லுதேன்."

"சொல்லிருக்கலாம்லா?"

"சொல்ல வந்தேன். நீ கேன்டீன்ல நிக்க, பேப்பர ஏத்துக்கிட்டாங்கன்னு எல்லாத்துக்கும் பப்ஸ் வாங்கிக் குடுத்துக்கிட்டு. எனக்கும் ஒண்ணு குடுத்த. முட்ட பப்ஸ். அதக் கையில வெச்சுக்கிட்டு எப்படிச் சொல்ல?"

"மறுநா சொல்லிருக்கலாம்."

"மறுநா சார்ட்ட சொன்னேன்."

ஃப்ரீசர் ஒன்று நின்றது. இன்னொன்று தொடங்கவில்லை. அறை இவ்வளவு பெரியது என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

"சார் என்ன சொன்னாரு?"

"ஒரு தடவைல என்ன தெரியும், டியூப் மாறியிருக்கும்னாரு. பெறவு, வேற யாருக்குத் தெரியும்னு கேட்டாரு. யாருக்கும் தெரியாதுன்னேன். நல்ல மனுசன்லா, கோவமெல்லாம் படல. அடுத்த மாசத்துல இருந்து எனக்கு கெமிக்கல் வாங்கக் கையெழுத்து போடல. அவ்வளவுதான். கெமிக்கல் இல்லாம என்னத்த ஆராய்ச்சி பண்ண? கெளம்பிட்டேன்." அவன் யாருக்கோ, வாரேன் வாரேன், பந்தியப் போடச் சொல்லு என்றான். "சரி விடு. நான் நல்லாத்தான் இருக்கேன். நீ எதுக்கு இப்ப அத நோண்டுத?"

தனக்கு மட்டும் தெரியும் என்று அரை நாழி முன்னால் உட்கார்ந்திருந்தாளே, அந்த இடத்தில் இவன் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்திருக்கிறான். சாரும் உட்கார்ந்திருந்திருக்கிறார், வேறு நாற்காலியில். மூன்று பேரில் தெரியாமல் இருந்தது அவள் ஒருத்தி. அவளுடைய புரோட்டீன், அவளுடைய படம், அவளுடைய பப்ஸ். கோபம் வரவில்லை. குளிர்ந்தது.

"ஒன் பிளேட்டு படம் இருக்கா?" என்றாள்.

"பழைய போன்ல கெடக்கும். எதுக்கு?"

"அனுப்பு. ரெண்டு பேர், தனித்தனியா, ஒருத்தருக்கொருத்தர் தெரியாமப் பண்ணிருக்கோம். அதுக்கு மேல என்ன வேணும். எழுதுவோம். நாங்க சொன்னது தப்புன்னு. செவ்வாக்கெழம எனக்கொரு இன்டர்வியூ, அங்கயும் முதல் படமா இதத்தான் போடப் போறேன்."

"வேல கெடைக்காது கோமு."

"தெரியும்."

"வீட்டுல என்ன சொல்லுவ?"

"அது தெரியல."

அவன் சிரித்தான். பழைய சிரிப்பு, மரத்தடிக்குப் போவதற்கு முந்தைய சிரிப்பு. "நாலு வருசம் அங்க கெடந்தேன், ஒரு பேப்பர்லயும் என் பேரு வரல. கடைசில இதுலயா. சரி, எத்தனாவது போடுவ?"

"நீதான் முதல்ல. நீதான முதல்ல பண்ண."

"சார் பேரு?"

கட்டுரையில் கைடு பெயர் கடைசியில் வரும். இந்தத் தொழிலில் அதுதான் பெரிய இடம். புகழ் வந்தாலும் அங்கே, பழி வந்தாலும் அங்கே.

"எப்பவும் போலக் கடைசில," என்றாள்.

போனை வைத்துவிட்டு இருந்தாள். வெயில் ஜன்னலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்துப் படம் வந்தது, மங்கலான படம், டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தது, ஓரத்தில் அவன் கட்டைவிரல். இரண்டு வரிசை நீலம், ஒன்றுபோல. கம்ப்யூட்டரில் அதற்குப் பக்கத்தில் தன்னுடைய படத்தை வைத்தாள். மேலே பெயர்களை டைப் அடித்தாள். அவன் பெயர் உடனே வந்தது. அவள் பெயரும் வந்தது. சார் பெயருக்குத்தான் கை கொஞ்சம் நின்றது. காதுக்குள் அவர் குரல், சொல்லும்மா என்றது. அடித்தாள்.